கதை கேட்காதீர்கள், ஒரு வேலை கொடுங்கள்

கேள்வி: நான் ஒரு பொதுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. போரினால் நாட்டைவிட்டு வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் இருவர் ஐந்து மாதங்களுக்கு முன் எங்கள் பள்ளியில் சேர்ந்தார்கள். எட்டு வயதுத் தம்பி என் வகுப்பில் இருக்கிறான். இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. புத்தகப் பையை மடியிலிருந்து இறக்குவதும் இல்லை. பன்னிரண்டு வயது அக்கா எங்கள் மொழியைச் சரளமாகப் பேசத் தொடங்கிவிட்டாள். ஆனால் எல்லாப் பாடங்களிலும் மதிப்பெண் மிகக் குறைவு. கவனக்குறைவு என்கிறார்கள் அவளுடைய ஆசிரியர்கள். தாயார் பள்ளிக்கு வந்தது ஒரே ஒருமுறை. இதற்கிடையில் பெற்றோர் சிலர், இவர்களால் தங்கள் பிள்ளைகளின் படிப்பு பின்தங்குகிறது என்று தலைமையாசிரியரிடம் முறையிட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் பள்ளி முழுவதும் கூடும் நிகழ்ச்சியில் அக்காவை மேடையேற்றி, அவர்கள் பட்ட துன்பத்தைப் பேச வைத்தால் எல்லோருக்கும் இரக்கம் பிறக்கும் என்று நினைக்கிறேன். சரிதானே? இவர்கள் மற்ற பிள்ளைகளைப் போல ஆக எவ்வளவு காலம் பிடிக்கும்?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

மேடை வேண்டாம். மற்றவற்றைப் பிறகு பேசுவோம். அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் நோக்கத்தில் குறை காணவில்லை. ஏனென்றால் இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். பள்ளி ஆலோசகராகப் பணியில் சேர்ந்த புதிதில், பதினோரு வயதுப் பெண் ஒருத்தியை அப்படி ஒரு கூட்டத்தில் பேச வைத்தேன். நன்றாகவே பேசினாள். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தலைமையாசிரியர் என் கையைக் குலுக்கினார். அடுத்த வாரம் விளையாட்டு இடைவேளையில் போய்ப் பார்த்தேன். ஒரு சிறுமி அவளுக்கு பிஸ்கட் கொடுத்தாள். ஒரு பையன், "குண்டு விழுந்தபோது நீ எந்த அறையில் இருந்தாய்?" என்று விசாரித்தான். கயிறு தாண்ட அவளை யாரும் கூப்பிடவில்லை. கூட்டத்துக்கு முந்தைய வாரம் வரை அவள் அந்த வகுப்பிலேயே வேகமாக ஓடுகிறவள். கூட்டத்துக்குப் பிறகு அவள் குண்டு விழுந்த வீட்டுப் பெண். இரக்கம் பிறந்தது உண்மைதான். இரக்கத்துக்குரியவளை யாரும் விளையாட்டில் சேர்த்துக்கொள்வதில்லை என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அவர்களுடைய கதை அவர்களுடைய சொத்து. சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல்வார்கள். அதுவும் நாம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கும்போது வராது. வண்ணப் பென்சில்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது, பாதி வாக்கியமாக, நம் முகத்தைப் பார்க்காமல் வரும். அப்போது செய்ய வேண்டியது, கையில் இருக்கும் வேலையை நிறுத்தாமல் காது கொடுப்பது. "அப்படியா" என்பது போதும். மேற்கொண்டு தோண்டிக் கேட்காதீர்கள். நீங்கள் அழுதுவிட்டாலோ, அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு உங்களைப் பாதுகாக்க வேண்டுமே என்று வாயை மூடிக்கொள்ளும்.

நேராகக் கேட்காவிட்டாலும் பள்ளிக்கூடம் வேறு வழிகளில் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. 'விடுமுறையை எப்படிக் கழித்தாய்' என்ற கட்டுரை, குடும்ப மரம் வரைதல், குழந்தைப் பருவப் புகைப்படம் கொண்டு வருதல் எல்லாம் அந்த வகைதான். "உன் வீட்டை வரை" என்று நான் ஒருமுறை சொன்னபோது ஒரு பையன் மிகவும் மரியாதையாக, "எந்த வீடு?" என்று கேட்டான். அவனுக்கு அதற்குள் நான்கு வீடுகள் ஆகியிருந்தன. இப்போதெல்லாம் 'உனக்குப் பிடித்த ஓர் இடத்தை வரை' என்றுதான் சொல்கிறேன். அந்த இடம் கற்பனையாக இருந்தாலும் குற்றமில்லை.

இந்தப் பிள்ளைகளுக்கு நாம் வைத்திருக்கும் பெயரையே பாருங்கள். அகதி என்றால் கதியற்றவர். வடசொல் வேண்டாம் என்று தமிழில் எழுதினால் ஏதிலி, அதாவது ஏதும் இல்லாதவர். இரண்டும் அவர்களிடம் இல்லாததை மட்டுமே சொல்கின்றன. உங்கள் கடிதத்திலும் அவன் பேசாதது, அவள் மதிப்பெண் வாங்காதது, தாய் பள்ளிக்கு வராதது என்று எல்லாம் 'இல்லை' கணக்காகவே இருக்கிறது. அடுத்த முறை எழுதும்போது அவனுக்கு என்ன வரும் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். பந்து எறிவானா? எண்களை வேகமாகக் கூட்டுவானா? பல்லியைப் பிடிப்பானா? தெரியாவிட்டால் இந்த வாரம் கண்டுபிடியுங்கள். ஆலோசனையின் பாதி அதிலேயே இருக்கிறது.

இனி பை. பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டு அதைக் கீழே வைக்கச் சொல்ல வேண்டாம். ஒரு நாள் கையில் அகப்பட்டதோடு வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளைக்கு, கையில் இருக்கும் பை எழுந்து ஓடுவதற்கான தயார்நிலை. கதவைப் பார்த்தபடி உட்காரவும் விரும்புவான். சுவரோரமாக, முதுகுக்குப் பின்னால் யாரும் நடமாடாத, வாசல் தெரியும் இடத்தை அவனுக்குக் கொடுங்கள். அங்கேயே ஓர் ஆணி அடித்து, அவன் கையெட்டும் தூரத்தில் அவன் பெயர் எழுதி வையுங்கள். பையை அதில் மாட்டு என்று சொல்லாதீர்கள். என் அனுபவத்தில் பை முதலில் மடியிலிருந்து காலிடுக்குக்கு இறங்கும், பிறகு நாற்காலி முதுகுக்குப் போகும், வெகுநாள் கழித்து ஆணிக்குப் போகும். ஏதாவது ஒரு நாள் வழக்கம் மாறினால், மாற்று ஆசிரியர் வந்தால், மறுபடி மடிக்கே வந்துவிடும். அதில் கவலைப்பட எதுவும் இல்லை.

அவன் வாய் திறக்காததைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். புதிய மொழிக்குள் போடப்படும் பிள்ளைகளில் பலர் முதலில் சில வாரங்களோ, சில மாதங்களோ பேசாமலே கேட்டுக்கொண்டிருப்பார்கள். மொழிக் கல்வியாளர்கள் இதை மௌனக் காலம் என்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். உள்ளே பெரிய வேலை நடந்துகொண்டிருக்கும். ஐந்து மாதம் என்பது இந்தக் கணக்கில் நீண்டதுதான், ஆனாலும் அதை மட்டும் வைத்துப் பயந்துவிட வேண்டாம். முதலில் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் தன் மொழியில் பேசுகிறானா? தாயாரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வீட்டில் ஓயாமல் பேசுகிறான் என்றால் காத்திருக்கலாம். வீட்டிலும் பேச்சு நின்றுபோயிருந்தால் காத்திருக்கக் கூடாது. அடுத்தது காது. இதை ஏனோ எல்லோரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். வெடிச்சத்தம் செவிப்பறையைக் கிழித்துவிடக்கூடும். கவனிக்கப்படாத காதுச் சீழ், பல மாத முகாம் வாழ்க்கை, மருத்துவரைப் பார்க்காத ஆண்டுகள் எல்லாம் சேர்ந்து செவித்திறனைக் குறைத்திருக்கலாம். காது, கண், பல் மூன்றையும் பரிசோதிக்காமல் உளவியல் காரணம் தேடுவது எங்கள் தொழிலில் உள்ளவர்களே செய்கிற பிழை. மனக்காயம் என்று அனுப்பப்பட்டு, கண்ணாடி போட்டதும் படிக்கத் தொடங்கிவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

காத்திருக்கும் காலத்தில் அவனைப் பேச வைக்க முயல வேண்டாம். "வணக்கம் சொல், சொன்னால்தான் தருவேன்" என்ற விளையாட்டுகளையும் விட்டுவிடுங்கள். அவன் பேசாமலே பங்கெடுக்கும் வழிகளைத் திறந்து வையுங்கள்: கைதூக்குதல், படத்தைக் காட்டுதல், ஆம், இல்லை என்று எழுதிய இரண்டு அட்டைகளில் ஒன்றை உயர்த்துதல். எல்லோரும் சேர்ந்து சொல்லும் பாட்டும் வாய்ப்பாடும் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய வரம். கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டு வாயை அசைத்துப் பார்க்கலாம். தவறு வந்தால் யாருக்கும் கேட்காது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். வகுப்புக்கு உண்மையிலேயே தேவையான வேலையாக இருக்க வேண்டும். நீங்களாக இட்டுக்கட்டினால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். தினமும் வருகைப் பதிவேட்டை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது நல்ல வேலை. அதில் பேச்சு தேவையில்லை, வழி தெரிந்துவிடும், அலுவலகத்தில் இருப்பவர் முகம் பழகும், திரும்பி வரும்போது வகுப்பு அங்கேயே இருக்கும். இந்தக் கடைசிச் செய்தி நமக்குச் சாதாரணம். கதவைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தபோது எல்லாம் காணாமல் போயிருந்ததைக் கண்ட பிள்ளைக்கு அது தினமும் ஒருமுறை பார்த்துத் தெளிய வேண்டிய அதிசயம். முதல் வாரம் இன்னொரு பையனைக் கூட அனுப்புங்கள். நல்ல பிள்ளையாகத் தேர்ந்தெடுத்து, 'இவனைப் பார்த்துக்கொள்' என்று பொறுப்புக் கட்டிவிடாதீர்கள். அது இருவருக்கும் தண்டனை. அவனைப் போலவே பந்துப் பைத்தியமாக ஒருவன் இருந்தால் அவன் போதும்.

இப்போது அக்காவுக்கு வருவோம். எனக்கு அவளைப் பற்றித்தான் கவலை அதிகம். பேசாத தம்பியை எல்லோரும் கவனிக்கிறார்கள். சரளமாகப் பேசுகிறவளை யாரும் கவனிப்பதில்லை.

கனடாவைச் சேர்ந்த மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1970-களின் இறுதியிலிருந்து ஒரு வேறுபாட்டை வலியுறுத்தி வந்தார். திடலிலும் வராந்தாவிலும் பேசுகிற மொழி வேறு, பாடப்புத்தகத்தின் மொழி வேறு. முதலாவது ஏறத்தாழ 2 ஆண்டுகளில் கைவந்துவிடும். இரண்டாவதில் உடன் படிக்கும் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். பள்ளிகள் முதலாவதைக் கேட்டுவிட்டு, 'நன்றாகத்தான் பேசுகிறாளே, படிப்பில் மட்டும் அக்கறை இல்லை' என்று தீர்ப்பெழுதிவிடுகின்றன. உங்கள் சக ஆசிரியர்கள் செய்வது அதுதான். நம் மொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பாடத்தைப் படி', 'மாடிப்படி', 'கணக்கின் இரண்டாம் படி', 'கீழ்க்கண்டபடி'. ஒரே சொல், நான்கு பொருள். நாம் யாரும் நின்று யோசிப்பதில்லை. புதிதாக வந்தவள் ஒவ்வொன்றிலும் நின்று யோசிக்கிறாள், அதற்குள் ஆசிரியர் இரண்டு பக்கம் தாண்டிவிடுகிறார். கணக்கில் வகுத்தலை எழுதும் முறையே நாட்டுக்கு நாடு மாறுகிறது. தசமத்துக்கு நாம் புள்ளி வைக்கும் இடத்தில் காற்புள்ளி வைக்கும் நாடுகள் உண்டு. அவள் விடைத்தாளை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். வெறும் எண்களாகக் கொடுத்த கணக்குகளைச் சரியாகப் போட்டு, வாக்கியமாகக் கொடுத்தவற்றை வெற்றாக விட்டிருந்தால், குறை கணக்கில் இல்லை என்பது தெரிந்துவிடும்.

அவளுக்குச் செய்ய வேண்டியது பெரிய காரியம் எதுவுமில்லை. ஒவ்வொரு பாடம் தொடங்குமுன்னும் அதன் முக்கியச் சொற்கள் பத்தை முந்தைய நாளே கொடுத்துவிட வேண்டும். அவற்றுக்கு நேரே அவள் தன் மொழியில் பொருள் எழுதிக்கொள்ளட்டும். தேர்வில் கூடுதல் நேரமும் ஓர் அகராதியும் கொடுங்கள். அவள் தன் தாய்மொழியில் குறிப்பெடுத்தால் தடுக்காதீர்கள். 'வீட்டிலும் எங்கள் மொழியிலேயே பேசுங்கள்' என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன. தயவுசெய்து அதை மட்டும் சொல்லாதீர்கள். தாய்மொழியில் ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்குப் புதிய மொழியில் அதற்குப் பெயர் மட்டும் தெரிந்தால் போதும். அதுவும் தவிர, தாயாரோடு பேச ஒரு மொழி இல்லாமல் போன பிள்ளைக்கு நாளைக்கு ஒரு துன்பம் வந்தால் யாரிடம் போய்ச் சொல்வாள்?

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் கூட எழுதவில்லை, ஆனால் நான் ஊகிக்கிறேன்: தாயார் பள்ளிக்கு வந்த அந்த ஒரே நாளில் மொழிபெயர்த்தது அக்காதான், இல்லையா? மருத்துவமனையிலும், குடியேற்ற அலுவலகத்திலும், வீட்டுக்காரரிடமும் அவள்தான் மொழிபெயர்ப்பாள். பன்னிரண்டு வயதில் அம்மாவின் நோயையும், விசா மனு நிராகரிக்கப்பட்டதையும், வாடகை பாக்கியையும் தன் வாயால் சொல்லியாக வேண்டும். வீட்டில் மொழி தெரிந்தவர் கைக்கு அதிகாரம் போய்விடுவதால், அம்மா மகளாகவும் மகள் அம்மாவாகவும் ஆகிவிடுகிறார்கள். ஒருமுறை நான் ஒரு மாணவியின் நடத்தையைப் பற்றி அவள் தந்தையிடம் பத்து நிமிடம் குறை சொன்னேன், அவளே மொழிபெயர்த்தாள். தந்தை முகம் மலர்ந்து எழுந்து என் இரு கைகளையும் பிடித்து நன்றி சொன்னார். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று புரிந்தபோது சிரிப்பு வந்தது. பிறகு நினைத்துப் பார்த்தால் அவள்மேல் தவறே இல்லை. அப்படி ஒரு வேலையை அவளிடம் கொடுத்த நான்தான் முட்டாள். மொழிபெயர்க்கப் பெரியவர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். தொலைபேசி வழியாகவாவது. அதே சமூகத்தைச் சேர்ந்த அண்டைவீட்டாரைக் கூப்பிடுவதற்கு முன் தாயாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்குள் என்ன பிளவு இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது, வீட்டு விஷயம் வெளியே போவதை அவர் விரும்பாமலும் இருக்கலாம்.

தாயார் வராததை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளையைப் பள்ளியில் விட்டபின் பெற்றோர் தலையிடாமல் இருப்பதே ஆசிரியருக்குக் காட்டும் மரியாதை என்று கருதும் சமூகங்கள் பல. முத்திரையிட்ட உறையில் வரும் எந்தக் கடிதமும் கெட்ட செய்தி என்பது அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்களின் பாடம். ஆகவே உங்களிடமிருந்து முதலில் போகும் செய்தி நல்ல செய்தியாக இருக்கட்டும். 'உங்கள் மகன் இன்று பதிவேட்டைத் தனியாகக் கொண்டுபோனான்' என்ற ஒரு வரி, அவர்கள் மொழியில், அவன் வரைந்த படத்தோடு. அப்படி மூன்று போன பிறகு அவர் வருவார். வந்தால் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார வைக்காமல், பக்கத்தில் உட்கார வையுங்கள். அவரிடம் அறிவுரை கேளுங்கள்: அவனுக்குத் தூக்கம் எப்படி, எதற்குப் பயப்படுவான், எப்படிச் சமாதானம் ஆவான்?

இதில் இன்னொரு காரணமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்கமும் குண்டுவீச்சுக்கு இடையில் குழந்தைகள் காப்பகங்களை நடத்தினார்கள். சின்னஞ்சிறு பிள்ளைகளைக் குண்டுச் சத்தத்தைவிடத் தாயைப் பிரிந்ததே அதிகம் குலைத்தது என்று அவர்கள் கண்டார்கள். தாய் பதறாமல் பக்கத்தில் இருந்தால் பிள்ளை பெரும்பாலும் தாங்கிக்கொண்டது. தாயார் நிலைகொண்டால் தம்பியும் நிலைகொள்வான். அந்தத் தாய்க்கு மொழி வகுப்போ, பேச்சுத் துணையோ, வேலைக்கான வழியோ கிடைப்பது அவன் படிப்புக்கு நீங்கள் செய்யும் உதவிதான். உள்ளூர் நூலகமும் தன்னார்வக் குழுக்களும் எங்கே இருக்கின்றன என்று சொல்லி அனுப்புங்கள். முதல் நாள் யாராவது கூடப் போனால் நல்லது. முகவரி எழுதிய தாளை மட்டும் கொடுத்தால் அது பைக்குள்ளேயே கிடக்கும்.

முறையிட்ட பெற்றோருக்கு என்ன சொல்வது? சட்டம் ஒரு வரியில் முடிந்துவிடும். 1951-ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தின் 22-ஆம் பிரிவு, அதை ஏற்ற நாடுகள் தொடக்கக் கல்வியில் அகதிகளைத் தம் குடிமக்களுக்கு இணையாக நடத்த வேண்டும் என்கிறது. 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையும் எந்தப் பாகுபாடும் இல்லாமல் எல்லாக் குழந்தைக்கும் கல்வியை உறுதி செய்கிறது. உலகில் போராலும் வன்முறையாலும் துரத்தப்பட்டு இடம்பெயர்ந்து வாழ்வோரில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் என்பதால், உங்கள் பள்ளிக்கு வந்த இந்த இருவரே கடைசியாகவும் இருக்கப்போவதில்லை. ஆனால் சட்டத்தைக் காட்டிப் பெற்றோரின் வாயை அடைத்துவிடலாமே தவிர, மனத்தை மாற்ற முடியாது. அவர்களுடைய பயம் தங்கள் பிள்ளையைப் பற்றியது. அது ஏளனத்துக்குரியதும் அல்ல. அவர்களுக்கு வகுப்பறையில்தான் பதில் இருக்கிறது.

1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், அதுவரை இனவாரியாகப் பிரிந்து படித்த பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டபோது சண்டை மூண்டது. உளவியலாளர் எலியட் ஆரன்சனை அழைத்தார்கள். அவர் நல்லிணக்கச் சொற்பொழிவு ஆற்றவில்லை. பாடத்தை ஐந்தாறு துண்டுகளாகப் பிரித்தார். ஐந்தாறு பேர் கொண்ட ஒவ்வொரு குழுவிலும் ஆளுக்கொரு துண்டு. ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லை; தேர்வோ முழுப் பாடத்திலும். திக்கித் திக்கிப் பேசுகிறவனைக் கேலி செய்தால் அவன் துண்டு கிடைக்காது. ஆகவே பிள்ளைகள் கேலியை விட்டுவிட்டு, அவனிடமிருந்து செய்தியை எப்படிக் கேட்டு வாங்குவது என்று கற்றுக்கொண்டார்கள். ஆய்வில் சிறுபான்மைப் பிள்ளைகளின் தேர்ச்சி உயர்ந்தது, மற்றவர்களுடையது குறையவில்லை. இந்த இரண்டாவது செய்தியைத் தலைமையாசிரியர் பெற்றோர் கூட்டத்தில் சொல்லலாம். உங்கள் வகுப்பில் தம்பியின் துண்டு ஒரு படமாகவோ வரைபடமாகவோ இருக்கட்டும். எழுத்தும் பேச்சும் இல்லாமல் அவனிடமிருந்து மற்றவர்கள் பெற வேண்டியது ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். வாரம் இரண்டு முறை, ஒரு பருவம் முழுவதும் செய்து பாருங்கள். ஒரு நாள் செய்துவிட்டுப் பலனில்லை என்று எனக்கு எழுதாதீர்கள்.

சில சில்லறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். தீயணைப்புப் பயிற்சிக்கு அபாய மணி அடிக்கும் நாளை அவனுக்கு முன்னதாகவே சொல்லுங்கள், முடிந்தால் மணியை அவனே அழுத்திப் பார்க்கட்டும். கழிப்பறைக்கு எப்படி அனுமதி கேட்பது என்று தெரியாமல் நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு; ஓர் அட்டை கொடுத்துவிடுங்கள், காட்டிவிட்டுப் போகட்டும். சாப்பாட்டை ஒளித்து வைத்தால் திருட்டு என்று கத்த வேண்டாம். பெயரை அவர்கள் சொல்வது போலவே சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள், உங்கள் வசதிக்குச் சுருக்காதீர்கள். பள்ளிப் பதிவேட்டில் அவன் பிறந்த நாள் ஜனவரி 1 என்று இருக்கிறதா? சான்றிதழ் இல்லாத குழந்தைகளுக்குப் பல அலுவலகங்கள் அந்தத் தேதியைத்தான் எழுதிவிடுகின்றன. உண்மையான வயது ஓராண்டு முன்பின் இருக்கலாம். வகுப்பில் சிறியவனாகத் தெரிந்தால் அதையும் மனத்தில் வையுங்கள். விளையாட்டுக் குழுவில் சேரச் சான்றிதழ் கேட்டு அவனைத் திருப்பி அனுப்பினால், தலைமையாசிரியரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுத்து உதவுங்கள். பள்ளி நேரம் முடிந்தபின் ஒரு பந்துக்குப் பின்னால் இருபது பேரோடு ஓடுவது நான் நடத்தும் எந்த ஆலோசனை அமர்வையும்விட மேலானது என்று இருபது ஆண்டுப் பணிக்குப் பிறகு சொல்கிறேன்.

எங்களைப் போன்றவர்களிடம் எப்போது அனுப்ப வேண்டும்? இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஒழுங்கான பள்ளி நாளும், நிலையான பெரியவர்களும், தோழர்களும் கிடைத்தால் தனிச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. சேர்ந்த சில மாதங்களுக்குப் பிறகு, அதுவரை பதுமை போல இருந்த பிள்ளை கோபப்படத் தொடங்கினால் அதுவும் பெரும்பாலும் நல்ல அறிகுறி. கோபப்பட்டாலும் இங்கே துரத்திவிட மாட்டார்கள் என்று கண்டுகொண்டிருக்கிறது. ஆனால் பயங்கரக் கனவும் தூக்கமின்மையும் ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் மீண்டும் வந்தால், ஒரே கொடுமையை விளையாட்டில் மறுபடி மறுபடி நடித்தும் அமைதி அடையாவிட்டால், வகுப்பின் நடுவே கண் நிலைகுத்தி வேறெங்கோ போய்விட்டால் அனுப்புங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, சாக வேண்டும் என்று சொன்னாலோ அன்றைக்கே, பள்ளி மணி அடிக்கும் முன்பே யாரிடமாவது கொண்டு சேர்க்க வேண்டும். அக்காவையும் இதே கண்ணால் பாருங்கள். அவள் நன்றாகச் சமாளிக்கிறாள் என்பது சான்று ஆகாது; அவளுக்குச் சமாளிப்பதைத் தவிர வேறு வழி கொடுக்கப்படவில்லை.

எவ்வளவு காலம் என்று கேட்டீர்கள். அக்காவின் பாட மொழிக்கு ஆண்டுக்கணக்கு என்று சொல்லிவிட்டேன். மற்றதற்கு என்னிடம் நாள்காட்டி இல்லை, ஏனென்றால் பாதி உங்கள் கையிலும் இல்லை. அவர்கள் மனு நிலுவையில் இருந்தால், விசாரணைத் தேதி நெருங்கும் வாரங்களில் தம்பி மறுபடி பின்னுக்குப் போவான். வீட்டில் தூங்காத பெரியவர்களோடு அவனும் தூங்காமல் இருப்பான். திடீரென்று வேறு ஊருக்கு மாற்றவும் படலாம். ஆகவே, 'இனி உனக்கு எந்தப் பயமும் இல்லை, எப்போதும் இங்கேயே இருக்கலாம்' என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்த வாக்கை ஏற்கெனவே பலர் கொடுத்து மீறியிருப்பார்கள். உங்களால் காப்பாற்ற முடிந்ததை மட்டும் சொல்லுங்கள்: 'நாளைக் காலை நான் வாசலில் நிற்பேன். நாளை முதல் பாடம் கணக்கு.' அதையும் பலகையில் படம் போட்டு எழுதி வையுங்கள். நீங்கள் விடுப்பில் போவதாக இருந்தால் அவனிடம் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள், யார் வருவார் என்பதையும் சேர்த்து. இடம் மாற நேர்ந்தால், வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்று அவன் பையில் போகட்டும். விடைபெறாமல் கிளம்பிய ஊர்கள் அவனுக்கு ஏற்கெனவே இருக்கின்றன.

கடைசியாக, அவன் முதன்முதலில் பேசும் நாளுக்கு உங்களைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். அது நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி இருக்காது. உங்கள் கேள்விக்கு விடையாகவும் வராது. அநேகமாகப் பக்கத்து மேசைப் பையனிடம், மெதுவாக, 'ஷார்ப்னர் எங்கே?' என்பது போல ஏதாவது கேட்பான். வகுப்பைக் கைதட்ட விட்டுவிடாதீர்கள். உங்கள் கண் கலங்கினால் பலகைப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். பையன் ஷார்ப்னரை எடுத்துக் கொடுக்கட்டும், நீங்கள் பாடத்தை நடத்துங்கள்.